ஒரு பிளாக், நாலு இன்ஜின்: ‘ஆட்டோமேஷன்’ விளையாட்டில் ஒரு ஹேட்ச்பேக் கட்டிய பதிவு

1.3 லிட்டர் சிக்கன இன்ஜின், 1.6 லிட்டர், 1.6 டர்போ, 1.9 லிட்டர் ஆகிய நான்கையும் ஒரே இன்ஜின் ஃபேமிலியில் (ஒரே பிளாக்கிலிருந்து பிறக்கும் இன்ஜின் வரிசை) அடக்கி, ஒரே ஹேட்ச்பேக்கின் பானட்டுக்குள் உட்கார வைத்த வேலையின் பதிவு இது. முதலில் போட்ட பிளாக் (சிலிண்டர்கள் அடங்கிய இன்ஜின் உடல்) தோற்றது. இரண்டாவது பிளாக் 1975இல் தொடங்கி 1988 வரை தாங்கியது. தோற்றது ஏன், தாங்கியது ஏன் என்பதை எண்களோடு எழுதி வைத்தால் இதே வேலையைச் செய்பவர்களுக்கு நேரம் மிச்சமாகும்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: நியூசிலாந்தின் கேம்ஷாஃப்ட் சாஃப்ட்வேர் உருவாக்கும் ‘ஆட்டோமேஷன்’ 2015இல் ஸ்டீம் விளையாட்டுக் கடையில் ஏர்லி ஆக்சஸாக (முழுமையாகும் முன்பே விற்பனைக்கு) வந்தது. 1946இல் தொடங்கி 2020 வரை ஒரு கார் கம்பெனியை நடத்தலாம், இதுதான் கேம்பெயின். கேஸ்மியா, ஹெட்வேசியா, ஃப்ரூனியா போன்ற கற்பனை நாடுகள்தான் சந்தை. ஆனால் இன்ஜினுக்குள் நடப்பதெல்லாம் நிஜக் கணக்கு. கேம்பெயினில் பணம் இறக்குவதற்கு முன் சாண்ட்பாக்ஸில் (பணக் கட்டுப்பாடு இல்லாத சோதனைப் பகுதி) வரைந்து பார்ப்பது நல்லது. சாண்ட்பாக்ஸில் ஃபேமிலிக்கு ஓர் ஆண்டு, வேரியன்ட்டுக்கு (அந்த ஃபேமிலியின் ஓர் இன்ஜின்) ஓர் ஆண்டு, கார் மாடலுக்கு ஓர் ஆண்டு, ட்ரிம்முக்கு (அந்த மாடலின் ஒரு வகை) ஓர் ஆண்டு என்று தனித்தனியாக வைக்க முடியும். இந்தப் பதிவுக்கு ஃபேமிலி 1975, முதல் இரண்டு வேரியன்ட்டுகள் 1976, டர்போ 1984, கடைசி 1988. அப்டேட் வரும்போதெல்லாம் ஸ்லைடர்களின் எடை கொஞ்சம் மாறும். அதனால் கீழே உள்ள எண்களை அப்படியே நகலெடுக்காமல், எந்த வரிசையில் எதைத் தொட வேண்டும் என்பதற்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாக்கை முதலில் முடிவு செய்வது ஏன்

ஃபேமிலியில் பூட்டப்படும் விஷயங்கள்: சிலிண்டர் அமைப்பு, பிளாக் உலோகம், அதிகபட்ச போர் (சிலிண்டரின் உள் விட்டம்), அதிகபட்ச ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்), ஹெட் (வால்வுகள் உள்ள மேல் பகுதி) வகை, ஹெட் உலோகம், வால்வு எண்ணிக்கை. வேரியன்ட்டில் போரையும் ஸ்ட்ரோக்கையும் குறைக்கலாம், கூட்ட முடியாது. கிராங்க், ராட், பிஸ்டன், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கம்ப்ரெஷன், கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்ஷன், டர்போ, எக்ஸாஸ்ட் எல்லாம் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாற்றிக்கொள்ளலாம். கேம்பெயினில் புதிய வேரியன்ட் போடுவதற்கும் புதிய ஃபேமிலி போடுவதற்கும் ஆகும் எஞ்சினியரிங் காலத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. இன்ஜின் தொழிற்சாலையில் டூலிங் (அச்சுகளும் இயந்திரங்களும் அமைக்கும்) செலவும் தனி. ஆக, இன்றைக்கு விற்கப்போகும் காருக்குப் பிளாக் வரையக் கூடாது. பத்து வருடம் கழித்து விற்கப்போகும் காருக்கு வரைந்து, இன்றைய காருக்கு அதைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

நிஜ உலகில் இதற்கு மிகச் சிறந்த உதாரணம் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஈஏ827. 1972இல் ஆடி 80இல் வந்தது. இரண்டு சிலிண்டர் மையங்களுக்கு இடையே 88 மிமீ. அந்த இடைவெளியை மாற்றாமலே 79.5 × 80 மிமீயில் 1588 சிசி, 81 × 86.4இல் 1781 சிசி, 82.5 × 92.8இல் 1984 சிசி வரை போனார்கள். 1976 கோல்ஃப் ஜிடிஐ 1588 சிசியில் 110 குதிரைசக்தி கொடுத்தது. 1982இல் அதே கார் 1781 சிசிக்கு மாறியபோது 112 தான். காகிதத்தில் இரண்டு குதிரைசக்தி ஏற்றம் ஒன்றுமே இல்லை. ஆனால் கூடுதல் சிசியால் கீழ் ரெவ்விலும் நடு ரெவ்விலும் இழுவை கூடியது. ஓட்டுபவருக்குத் தெரிவது அதுதான்.

தோற்ற பிளாக்: 76 × 72

முதல் ஃபேமிலி 1.3 லிட்டருக்கு இறுக்கமாக வரையப்பட்டது. கணக்கு எளிது: போரை மிமீயில் போட்டு அதே எண்ணால் பெருக்கி, 0.7854ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் சிசி. 76 × 72 நான்கு சிலிண்டருக்கு 1306 சிசி. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், சிங்கிள் ஓவர்ஹெட் கேம், சிலிண்டருக்கு இரண்டு வால்வு. எடை குறைவு, விலை குறைவு, பானட்டுக்குள் தாராளமாக இடம். முதல் கார் நன்றாகவே விற்கும்.

சிக்கல் அடுத்த ட்ரிம்மில் வந்தது. குடும்பக் காருக்கு மேலே ஒரு படி, 60 கிலோவாட்டுக்கு மேல் தேவை. 1306 சிசிக்கு மேல் போக வழியில்லை. ரெவ்வை ஏற்றுவதுதான் மிச்சம். கேம் ப்ரொஃபைலை (வால்வு எவ்வளவு, எவ்வளவு நேரம் திறக்கும் என்ற ஸ்லைடர்) 68க்கு ஏற்றி, ரெவ் லிமிட்டை 7000க்குத் தள்ளி, இரட்டை பேரல் கார்புரேட்டரும் குழாய் ஹெடரும் (இன்ஜினை ஒட்டிய எக்ஸாஸ்ட் குழாய்கள்) போட்டதில் 6500 ஆர்பிஎம்மில் 64 கிலோவாட் வந்தது. பிஸ்டன் வேகம் பயப்படும்படி இல்லை: ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி ரெவ்வால் பெருக்கி 60,000ஆல் வகுத்தால் நொடிக்கு 16.8 மீட்டர். கீழ்ப்பாதி (கிராங்க், ராட், பிஸ்டன்) தாங்கியது. மேலே வால்வு ஃப்ளோட் கோடு (வேகம் மிஞ்சி வால்வு சரியாக மூடாமல் மிதக்கும் எல்லை) 7000ஐத் தொட்டுக்கொண்டு நின்றது.

டார்க் (சுழற்று விசை) வளைவைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். உச்ச டார்க் 98 நியூட்டன் மீட்டர், அதுவும் 5200 ஆர்பிஎம்மில். 2500இல் காரில் உயிரே இல்லை. அதைச் சமாளிக்கக் கியரைக் குட்டையாக்க வேண்டியிருந்தது. கியர் குட்டையானதும் நெடுஞ்சாலையில் ரெவ் ஏறியது. மைலேஜ் லிட்டருக்கு 10.8 கிலோமீட்டருக்கு இறங்கியது, சத்தம் ஏறியது, ஓட்டுவதற்கு எளிமை என்ற மதிப்பெண் விழுந்தது. குடும்ப வாங்குபவர் பார்க்கும் நான்கு இடங்களில் மூன்றில் அடி.

கிட்டத்தட்ட இதே பவரை, 63 கிலோவாட்டை, பின்னால் 1.6 லிட்டர் வேரியன்ட் 5800 ஆர்பிஎம்மில் கொடுத்தது. அதன் உச்ச டார்க் 126 நியூட்டன் மீட்டர், 3600இல். மைலேஜ் 12.2. பவர் எண் கிட்டத்தட்ட ஒன்று, கார்கள் இரண்டும் வேறு. சின்ன பிளாக்கை முறுக்கிப் பிழிவதற்கும் பெரிய பிளாக்கைச் சும்மா ஓடவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு.

இரண்டாவது பிளாக்: அளவு எடுக்கும் இடம் பானட்

இந்த முறை பின்னாலிருந்து தொடங்கினோம். முதலில் கார் பாடியைத் தேர்ந்தெடுத்து, மோனோகாக் சேசிஸ் (பாடியே சட்டமாக இருக்கும் அமைப்பு), முன்பக்கம் குறுக்காக இன்ஜின், முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன் என்று வைத்துவிட்டு, அந்தப் பானட்டுக்குள் எவ்வளவு பெரிய இன்ஜின் போகும் என்று பார்த்தோம். முன்னால் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் வைத்தால் கை நீளங்கள் இன்ஜின் பக்கத்து இடத்தைத் தின்னும். சின்னக் காரில் குறுக்கு இன்ஜினுக்கு மெக்ஃபர்சன்தான் சரி.

குறுக்காக வைக்கும்போது இன்ஜினின் நீளம் காரின் அகலத்தோடு மோதுகிறது. நீளத்தைத் தீர்மானிப்பது போர். ஒவ்வொரு மிமீ போரும் நான்கு சிலிண்டருக்கு நான்கு மிமீயாக நீளும். உயரத்தைத் தீர்மானிப்பது ஸ்ட்ரோக். இந்தப் பாடியில் பானட் உயரத்தில் இடம் மிச்சம், அகலத்தில் நெருக்கடி. அதனால் போரை 82இல் நிறுத்தி, ஸ்ட்ரோக்கை 90 வரை விட்டோம். 82 × 90 நான்கு சிலிண்டருக்கு 1901 சிசி. 84 × 86 போட்டாலும் 1906 சிசி வரும், ரெவ்வும் சுலபமாக ஏறும். ஆனால் டர்போ வந்தபோது இடம் போதாமல் போயிருக்கும்.

இங்கே ஒரு பழக்கம் மிக முக்கியம். ஃபேமிலியை உறுதி செய்வதற்கு முன்பே அதில் ஒரு தற்காலிக வேரியன்ட் போட்டு, கிடைக்கும் பெரிய ஹெடர், டர்போ எல்லாவற்றையும் மாட்டி, அந்த உருவத்தைக் காருக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். அடிப்படை இன்ஜின் உள்ளே போகும் என்று பச்சை காட்டுவதை நம்பிப் போனால், எட்டு வருடம் கழித்து டர்போ சிவப்பு காட்டும். அப்போது மாற்ற எதுவும் இருக்காது.

பெரிய பிளாக்குக்கு விலை உண்டு. 1.3 லிட்டராகச் சுருக்கினாலும் வெளிக்கூடு 1.9 லிட்டருக்கானது. இறுக்கமான பழைய பிளாக்கைவிட சுமார் 9 கிலோ கூடுதல், அந்த எடை முழுவதும் முன் அச்சின் மேல். பொருள் செலவும் கொஞ்சம் கூடும். மலிவான ட்ரிம்மின் லாபத்தில் இது தெரியும். மேல் ட்ரிம்களின் லாபம் அதை ஈடுகட்டியது.

ஹெட் விஷயத்தில் நிஜத்துக்கும் விளையாட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நிஜத்தில் ஈஏ827க்குப் பின்னாளில் 16 வால்வு ஹெட் மாட்டினார்கள். விளையாட்டில் வால்வு எண்ணிக்கை ஃபேமிலியோடு பூட்டிக்கொள்ளும். 1975இல் நான்கு வால்வு டபுள் ஓவர்ஹெட் கேம் போட்டால் எஞ்சினியரிங் காலமும் ஒவ்வொரு இன்ஜினுக்குமான உற்பத்தி அலகும் (தயாரிக்க ஆகும் உழைப்பின் அளவு) பட்ஜெட் காருக்குத் தாங்காது. அதனால் இரண்டு வால்வு, சிங்கிள் ஓவர்ஹெட் கேம். புஷ்ராட் (பிளாக்கில் உள்ள கேம் கம்பியால் வால்வைத் தள்ளும் வகை) இன்னும் மலிவு, இன்ஜின் உயரமும் குறையும். ஆனால் வால்வு ஃப்ளோட் சீக்கிரம் வந்துவிடும், 6000க்கு மேல் நம்பிப் போக முடியாது.

குவாலிட்டி ஸ்லைடர் −15 முதல் +15 வரை. ஃபேமிலியின் கீழ்ப்பாதிக்கு +3, மேற்பாதிக்கு +2 கொடுத்தோம். இந்தப் புள்ளிகள் எல்லா வேரியன்ட்டுக்கும் பலன் தருவதால் இங்கே செலவழிப்பது லாபம். ஒரே இடத்தில் +8, +9 என்று ஏற்றக் கூடாது. ஒவ்வொரு புள்ளியும் முந்தையதைவிட அதிகம் கேட்கும்.

1.3 மற்றும் 1.6: டியூனிங் வரிசை

1.3க்கு 75 × 73, அதாவது 1290 சிசி. 1.6க்கு 80 × 79.5, அதாவது 1598 சிசி. இரண்டிலும் வார்ப்பு கிராங்க், வார்ப்பு ராட், வார்ப்பு பிஸ்டன். 1.6க்கு மட்டும் ராட் ஒரு படி மேலே, கனமான வார்ப்பு.

எதை எதற்குப் பின் தொடுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. முதலில் கேம். இது இன்ஜினின் குணத்தையே மாற்றும். 1.3க்கு 28, 1.6க்கு 40. பிறகு கார்புரேட்டரும் இன்டேக்கும். 1.3க்குச் சிங்கிள் பேரல் ஒன்று போதும், 1.6க்கு இரட்டை பேரல் ஒன்று. இரண்டு கார்புரேட்டர் வைத்தால் கொஞ்சம் பவர் வரும், சர்வீஸ் செலவும் கூடவே வரும். அதற்குப் பின் எக்ஸாஸ்ட் குழாய் அளவு: ஒவ்வொரு படியாக ஏற்றி, பவர் ஏறுவது நின்றதும் அங்கேயே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் சத்தமும் எடையும்தான் மிச்சம். குடும்பக் காருக்கு இரண்டு மஃப்ளரும் ரிவர்ஸ் ஃப்ளோ (சத்தத்தை அதிகம் அடக்கும் வகை). ஒரு கிலோவாட்டோ இரண்டோ போகும், போகட்டும். வசதி மதிப்பெண் அதைவிட அதிகம் திருப்பிக் கொடுக்கும்.

கம்ப்ரெஷன் (கலவையை எத்தனை மடங்கு அழுத்துவது) இதற்குப் பின்னால்தான். கேமை மாற்றினால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) எல்லை மாறும். கேம் பெரிதானால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும், கீழ் ரெவ்வில் உண்மையான அழுத்தம் குறையும், அதனால் கம்ப்ரெஷனை ஏற்ற இடம் கிடைக்கும். முதலிலேயே கம்ப்ரெஷனை வைத்துவிட்டுக் கேமைத் தொட்டால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். சாதாரண லெட் (ஈயம் கலந்த) பெட்ரோலில் 1.3க்கு 8.6, உயர்தர லெட் பெட்ரோலில் 1.6க்கு 9.0 வந்தது. தேவைப்படும் ஆக்டேனுக்கும் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் எண்) பெட்ரோலின் ஆக்டேனுக்கும் இடையே அரைப் புள்ளியாவது விட்டு வையுங்கள். எரிபொருள் கலவையைத் தொட்டதும் நாக்கிங் நகரும். கலவையைக் கொழுப்பாக்கினால் நாக்கிங் அடங்கும், ஆனால் மைலேஜ் கரையும். பெட்ரோலுக்கு முழு எரிப்பு விகிதம் 14.7. உச்ச பவர் 12.5, 13 பக்கம் கிடைக்கும். சிக்கன இன்ஜினில் கலவையை மெலிதாக்கி, கம்ப்ரெஷனைக் கால் புள்ளி குறைத்துக்கொள்வது, கொழுப்பான கலவையில் கம்ப்ரெஷனை ஏற்றுவதைவிட நல்லது. இக்னிஷன் டைமிங் கடைசி. மிச்சம் இருக்கும் நாக்கிங் இடைவெளியை அதனால் நிரப்பலாம்.

ரெவ் லிமிட்டை உச்ச பவருக்கு 400 முதல் 500 ஆர்பிஎம் மேலே நிறுத்த வேண்டும். 1.3 உச்ச பவர் 46 கிலோவாட்டை 5500இல் தருகிறது, லிமிட் 5900. 1.6க்கு லிமிட் 6300, பிஸ்டன் வேகம் நொடிக்கு 16.7 மீட்டர். லிமிட்டை இன்னும் 300 ஏற்றினால் 0–100 நேரத்தில் எதுவும் மாறாது, நம்பகத்தன்மை மட்டும் இறங்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்லைடர் பச்சையில் இருக்கிறது என்பதற்காக அதைக் கடைசி வரை இழுக்க வேண்டியதில்லை.

கார்: டயர், கியர், பிரேக்

பின்பக்கம் டார்ஷன் பீம். மலிவு, டிக்கிக்கு இடம் விடும். சேசிஸுக்கும் பேனலுக்கும் துருத் தடுப்புச் செய்த இரும்பு. சும்மா இரும்பை விட்டால் மழை, உப்பு, துரு தாங்கும் மதிப்பெண் விழும், அதைப் பட்ஜெட் வாங்குபவரும் பார்க்கிறார். 1.3 ட்ரிம் 880 கிலோவில் நின்றது.

டயர் 155/80 ஆர்13, கெட்டியான நீண்டகால ரப்பர். இதன் விட்டம் 578 மிமீ, ஒரு சுற்று 1.816 மீட்டர். கியர் கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 1.3 காரின் நிஜ உச்ச வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர் பக்கம். அந்த வேகத்தில் இன்ஜின் 5500இல் இருக்க வேண்டுமானால் நான்காவது கியரின் மொத்த விகிதம் 3.99. இதோடு விட்டால் 90 கிலோமீட்டர் வேகத்தில் 3300 ஆர்பிஎம். ஐந்தாவது கியரை அதற்கு 0.8 என்று சேர்த்தால் 2640க்கு இறங்குகிறது. மைலேஜ் லிட்டருக்கு 13.2 வந்தது இந்த ஐந்தாவது கியரால்தான். விளையாட்டின் டாப் ஸ்பீட் ஸ்லைடரைக் காரின் உச்ச வேகத்தைவிட மேலே தள்ளினால் கடைசி கியர் இப்படி ஓவர்டிரைவாக மாறும். ஆனால் கியர் இடைவெளியைச் சரி செய்யாமல் அதைத் தள்ளினால் முதல் கியரும் நீண்டு, மேடு ஏற முடியாமல் போகும். இரண்டு ஸ்லைடரையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

பிரேக்: முன்னால் சாலிட் டிஸ்க், பின்னால் டிரம். வரைபடத்தில் முன் சக்கரம் முதலில் லாக் ஆக வேண்டும், பின் சக்கரம் அதற்கு அப்புறம். பின்னது முந்திக்கொண்டால் நிறுத்தும் தூரம் கூடவில்லை என்றாலும் ஓட்டும் எளிமை சரியும். காரணம் நிஜத்தில் உள்ளதுதான், பின் சக்கரம் லாக் ஆன கார் சுழன்றுவிடும். பிரேக் விசை டயர் பிடியைக் கொஞ்சம் தாண்டினால் போதும். அதற்கு மேல் பெரிய டிஸ்க் போடுவது எடையும் காசும்.

சஸ்பென்ஷனில் ‘கம்ஃபர்ட்’ முன்னமைப்பில் தொடங்கி, பின் ஆன்ட்டிரோல் பாரை மட்டும் கொஞ்சம் இறுக்கினோம். மூக்கு கனமான கார் வளைவில் நேராகவே போகப் பார்க்கும். அதைக் குறைக்க முன்பக்கத்தை இறுக்குவது தவறான பக்கம். இலேசான அண்டர்ஸ்டியர் மிச்சம் இருக்கட்டும், குடும்பக் காருக்கு அதுதான் பாதுகாப்பு.

1984 டர்போ

1.6 வேரியன்ட்டின் போரையும் ஸ்ட்ரோக்கையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். 90 மிமீ ஸ்ட்ரோக்கை டர்போவுக்குப் பயன்படுத்தவில்லை. டர்போவே டார்க்கைக் கொடுக்கும்போது நீண்ட ஸ்ட்ரோக்கின் பிஸ்டன் வேகத்தையும் சுமக்க வைப்பதில் பயன் இல்லை. கம்ப்ரெஷன் 8.2, பூஸ்ட் 0.6 பார், மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன், இன்டர்கூலர்.

முதலில் மாட்டிய டர்போ பெரிது. உச்ச பவர் எண் அழகாக இருந்தது, ஆனால் பூஸ்ட் 4200 ஆர்பிஎம்முக்கு அப்புறம்தான் எழுந்தது. அதுவரை 8.2 கம்ப்ரெஷன் உள்ள சாதாரண 1.6, அதாவது பழைய 1.6ஐவிட மந்தம். பின் திடீரென்று முன் சக்கரம் சுழலும் அளவுக்கு டார்க். ஓட்டும் எளிமை தரைக்குப் போனது. டர்பைனையும் கம்ப்ரெசரையும் சுருக்கியதில் பூஸ்ட் 2600இலேயே நிரம்பியது. உச்சம் 5500இல் 100 கிலோவாட், டார்க் 200 நியூட்டன் மீட்டர். மேலே மூச்சு முட்டுகிறது, அதனால் ரெவ் லிமிட்டை 6000க்கு இறக்கிவிட்டோம். இந்தக் காருக்கு அதுவே சரியான டர்போ.

200 நியூட்டன் மீட்டரில் வார்ப்பு ராடின் ஸ்ட்ரெஸ் சிவப்பு. ராடும் பிஸ்டனும் ஃபோர்ஜ்டுக்கு (அடித்து உருவாக்கிய உலோகம்) மாறின. கிராங்க்குக்கு வார்ப்பே தாங்கியது, ஃபேமிலியில் போட்ட அந்த +3இன் புண்ணியம். குளிர்விக்கும் காற்றுத் தேவையும் ஏறுகிறது. கிரில்லை அதற்கேற்பப் பெரிதாக்காவிட்டால் பவர் குறைந்து காட்டும்.

சக்கரம் 185/60 ஆர்14, நடுத்தர ரப்பர், முன்னால் வென்ட்டட் டிஸ்க். 185/60 ஆர்14இன் விட்டம் 577.6 மிமீ. பழைய 13 அங்குலச் சக்கரத்தோடு அரை மிமீ வித்தியாசம்தான், அதனால் கியர் விகிதங்களைத் தொட வேண்டியிருக்கவில்லை. டயர் அளவை மாற்றும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: விட்டம் கூடினால் கார் தானாகவே நீண்ட கியருக்குப் போய்விடும், ஏன் பிக்கப் குறைந்தது என்று இன்ஜினில் தேடிக்கொண்டிருப்பீர்கள். 0–100 8.8 நொடி. முதல் கியரில் சக்கரம் சுழல்வதை அடக்க முதல் கியரைக் கொஞ்சம் நீளமாக்கினோம். லிமிட்டட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இன்னும் உதவும், ஆனால் விலை இந்தக் காரின் வர்க்கத்தைத் தாண்டிவிடும்.

இந்த ட்ரிம்மை பீம்என்ஜி டிரைவ் என்ற கார் ஓட்டும் விளையாட்டுக்கு எக்ஸ்போர்ட் செய்து ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. ஆட்டோமேஷனின் வரைபடங்கள் சொல்லாத ஒன்றை அங்கே உணரலாம்: வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பூஸ்ட் வரும் கணத்தில் கார் வெளிப்பக்கம் தள்ளுகிறது. அதைப் பார்த்த பிறகு பூஸ்ட்டை 0.6இலிருந்து 0.55க்கு இறக்கினோம். பவர் நான்கு கிலோவாட் போனது, கார் கைக்குள் வந்தது.

1988: கடைசி வேரியன்ட்

ஃபேமிலியின் முழு அளவு, 82 × 90. மல்ட்டி பாயின்ட் இன்ஜெக்ஷன், 95 ஆக்டேன் அன்லெடட் (ஈயம் கலக்காத) பெட்ரோல், மூன்று வழி கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் கருவி). லெட் பெட்ரோல் கன்வர்ட்டரின் உள்பூச்சை நச்சாக்கிவிடும், அதனால் இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். கலவையை 14.7ஐ ஒட்டியே வைக்க வேண்டியிருக்கிறது, அப்போதுதான் மூன்று வழி கன்வர்ட்டர் வேலை செய்யும். எரிபொருள் இன்ஜெக்ஷனால் கலவை சீராக இருப்பதால் கம்ப்ரெஷன் 9.3 வரை போனது.

162 நியூட்டன் மீட்டர் 3300இல், 83 கிலோவாட் 5500இல். கேம் வெறும் 38. லிமிட் 6000இல் பிஸ்டன் வேகம் நொடிக்கு சரியாக 18 மீட்டர், ஆகவே ராட் ஃபோர்ஜ்டு. பூஸ்ட் இறக்கிய டர்போவைவிட 13 கிலோவாட் குறைவு, ஆனால் சர்வீஸ் செலவு பாதிக்கு அருகில், மைலேஜும் நல்லது. குடும்பச் சந்தையில் டர்போவைவிட அதிகப் போட்டித்திறன் காட்டியது இந்த வேரியன்ட்தான். 13 வருடம் முன்பு 1.3 லிட்டர் காருக்காக வார்த்த பிளாக்கில், புதிய தொழிற்சாலை டூலிங் இல்லாமல் இது கிடைத்தது.

அடுத்த முறை மாற்றப்போவது

சத்தமும் அதிர்வும் இந்த 1.9இன் பலவீனம். நான்கு சிலிண்டரில் ஸ்ட்ரோக் நீள நீள அதிர்வு கூடும். அடுத்த தடவை ஸ்ட்ரோக்கை 86இல் நிறுத்தினால் 82 போரோடு 1817 சிசி. 84 சிசி போகும், ஸ்மூத்னஸ் திரும்பக் கிடைக்கும், 6300 வரை பயமில்லாமல் போகலாம். பானட்டில் உயரம் மிச்சம் இருந்தது என்பதற்காக அதை முழுவதும் தின்றிருக்க வேண்டியதில்லை.

ஃபேமிலியின் +3ஐ கீழ்ப்பாதியில் வைத்தது சரி, மேற்பாதியில் +2 வீண். இரண்டு வால்வு ஹெட்டில் அந்தப் புள்ளிகள் காட்டும் பலன் சிறிது.

1990க்கு மேல் இந்தப் பிளாக்கை இழுப்பதில் பயனில்லை. போட்டிக் கார்கள் எல்லாம் நான்கு வால்வுக்கு வந்துவிடும். புதிய ஃபேமிலியை 1987இலேயே எஞ்சினியரிங்குக்கு அனுப்பியிருந்தால், 1988 வேரியன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது தயாராகியிருக்கும். போர் மறுபடியும் 82தான், அதே பானட்டுக்குள் போக வேண்டும். ஆனால் டபுள் ஓவர்ஹெட் கேம் ஹெட் அகலம் கூடியது. எக்ஸாஸ்ட் பக்கம் ஃபயர்வாலோடு (இன்ஜினுக்கும் பயணிகளுக்கும் இடையிலான தடுப்பு) எவ்வளவு இடைவெளி விடுகிறது என்பதை டர்போவோடு வைத்துப் பார்த்த பிறகே அதன் ஃபேமிலியை உறுதி செய்ய வேண்டும்.